ஆறாவது குழி

ஐந்து குழி வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. ஆறாவது குழியில்தான் மண் வெள்ளையாக வந்தது.

"மேடம், கீழ சுண்ணாம்புப் பாறை இருக்கும் போல," என்றார் துளை போடும் மேஸ்திரி, இரும்புக் குழாயைப் பலகையில் சாய்த்துத் தட்டியபடி. இருபது வருஷமாக அவளோடு வேலை செய்கிறவர். மண்ணைப் பற்றி எதையாவது சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று அவள் முகத்தைப் பார்ப்பது அவர் பழக்கம்.

அவள் குனிந்து அந்த வெள்ளைத் துண்டை எடுத்து விரலால் தேய்த்தாள். பாறையாவது ஒன்றாவது. பிளாஸ்டர். கூடவே துருப்பிடித்த கம்பி ஒரு சாண் நீளத்துக்கு வந்தது. அடுத்த குழாயில், சுண்டுவிரல் அளவில், பிளாஸ்டரில் வார்த்த ஒரு படிக்கட்டு. ஏழு படி முழுசாக இருந்தது, எட்டாவது உடைந்திருந்தது.

மேஸ்திரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் வீட்டுப் படிக்கட்டு மேடம் இது? எறும்பு வீடா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் எதுவோ தட்டுப்பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். நாலாபுறமும் கத்தரித்துவிட்ட புல்தரை. ஒரு மூலையில் ஒற்றை மரம். அந்தப் பக்கம் கட்டடக்கலைத் துறை, இந்தப் பக்கம் மண் ஆய்வுத் துறை. நடுவில் இருந்த தச்சுக் கொட்டகையை எப்போதோ இடித்துவிட்டார்கள். மதில் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார்கள். மூன்று மரங்களில் இரண்டைக் காணோம். அதனால்தான் காலையிலிருந்து இந்த இடத்தில் நின்றுகொண்டே இந்த இடம் எது என்று அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. இந்தக் குழியைத் தோண்டியவளே அவள்தான்.

அவளை எல்லோரும் மேடம் என்பார்கள். ஒரே ஒருத்தி மட்டும் கட்டி என்பாள். பதினெட்டு வயதில் குட்டையாக, குண்டாக, கையெல்லாம் மண்ணாகத் திரிந்தவளுக்கு விடுதித் தோழிகள் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. பழகப் பழக மண் உதிர்ந்து கட்டி மட்டும் மிஞ்சியது. அப்படிக் கூப்பிடுகிற ஒருத்திக்கு வைத்த பெயர் ஸ்கேல். நெட்டையாக, ஒல்லியாக, எங்கே நின்றாலும் சுவரில் சாத்தி வைத்ததுபோல் நிற்பாள். ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் வாராவாரம் சண்டை.

இந்தப் புல்தரையில் வரப்போகிற புது நூலகத்தை வரைந்திருப்பவள் அந்த ஸ்கேல்தான். மண்ணைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் கட்டி. படித்த இடத்தில், படித்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டடம் என்று செய்தித்தாளில்கூடப் போட்டிருந்தார்கள்.

கட்டி போனை எடுத்தாள்.

"சைட்டுக்கு வா."

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வாயேன், சொல்றேன்."

ஸ்கேல் வர அரை மணி நேரம் ஆகும். மேஸ்திரியைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, கட்டி மண் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததும் பழசெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. அறுபது தாண்டினால் அப்படித்தான்.

முதன்முதலில் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் அப்பாவோடு நுழைந்த நாளில், பெரிய மண்டபத்தில் ஒரு பலகை இருந்தது. இடது பக்கம் துறைகளின் பெயர், வலது பக்கம் வேலைகளின் பெயர், நடுவில் சிவப்பு அம்புக்குறிகள். சட்டம் படித்தால் இங்கே, வேதியியல் படித்தால் அங்கே, தத்துவம் படித்தால் ஆசிரியர் அல்லது, கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியதுபோல், பிற பணிகள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரயில் அட்டவணை பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். துறைகளுக்கெல்லாம் அப்போது ஸ்கூல் என்றுதான் பெயர் போட்டிருந்தார்கள்.

"பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல படிச்சு முடிச்சிட்டு, மறுபடியும் ஸ்கூலா?" என்று அவர் சத்தமாகக் கேட்டதில் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்புக்குறிகளை நம்பியவர்களில் பாதிப் பேரை வாழ்க்கை வேறு எங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டது. அடுத்த அறையில் இருந்த சட்டக்காரி ஒரு நாள்கூட வாதாடவில்லை, பூந்தோட்டம் வைத்து மூன்று ஊருக்குப் பூ அனுப்பினாள். வேதியியல்காரி ரயில்வேயில் சேர்ந்து, ரயில்கள் ஏன் தாமதம் என்று ஒலிபெருக்கியில் முப்பது வருஷம் மன்னிப்புக் கேட்டாள். தத்துவம் படித்தவன் ஆயுள் காப்பீடு விற்று எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தான். எப்படியடா என்று கேட்டால், "நாமெல்லாம் ஒரு நாள் செத்துப்போவோம்னு ஜனங்களை நம்ப வைக்கணும். அதுக்கு நான் அஞ்சு வருஷம் படிச்சிருக்கேன்" என்பான்.

கட்டியின் அம்புக்குறி கட்டடக்கலைக்குத்தான் போயிருந்தது. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அது சுலபமாகக் கிடைத்தது. ஸ்கேலுக்குக் கொஞ்சம் குறைந்துபோய் மண் ஆய்வுத் துறையில் தள்ளிவிட்டார்கள். தலைகீழாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். தலைகீழாகத்தான் இருந்தது, முதல் ஒன்பது நாளுக்கு.

முதல் பத்து நாளுக்குள் இரண்டு மாணவர்கள் ஒப்புக்கொண்டால் துறையை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி அந்தக் காலத்தில் இருந்தது. ஒரே படிவம். அதில் இரண்டு பேரும் ஒருவருக்கு எதிரில் ஒருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கட்டி அந்தப் படிவத்தை வாங்கிவந்து ஸ்கேலின் கட்டிலில் வைத்தாள்.

"நீ எடுத்துக்கோ. நான் மண்ணுக்குப் போறேன்."

ஸ்கேல் படிவத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு அழுகை. "எவ்ளோ பெரிய மனசுடி உனக்கு! கூடப் பொறந்தவகூடச் செய்ய மாட்டாடி!" சத்தம் கேட்டு வராந்தாவே திரண்டு வந்துவிட்டது. விடுதிக் காப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்குப் போனபோது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எல்லோரும் கட்டிக்கு வழிவிட்டார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பெரிய மனசு என்ற பட்டம் சும்மா வந்து மடியில் விழும்போது யாருக்குத்தான் தட்டிவிட மனம் வரும்?

அதற்கப்புறம் ஸ்கேல் வளர்ந்தாள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அவள் வரையாதது இல்லை. எந்த மேடையில் ஏறினாலும் முதலில் கட்டியின் கதைதான். "நான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்னா, அது ஒருத்தி விட்டுக்கொடுத்த இடம்." முன் வரிசையில் கட்டி கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் கட்டியின் வீட்டுக்காரர் கையைத் தட்டிக்கொண்டே, "தியாகச் செம்மலே, எழுந்து ஒரு கும்பிடு போடு" என்று காதைக் கடிப்பார். ஸ்கேலின் அலுவலகத்துக்குப் போனால், உள்ளே நுழைந்ததும் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது விருதோ சான்றிதழோ இல்லை. அந்தப் படிவம். இரண்டு கையெழுத்து. ஒன்று நேராக, ஒன்று கோணலாக. கோணல் கட்டியுடையது. அந்த அலுவலகத்துக்குப் போவதையே கட்டி குறைத்துக்கொண்டாள். வேலை அதிகம் என்று சொல்லிவிடுவாள்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்கேல் வரைபடக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு புல்தரையைக் கடந்து வந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது, முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை.

"என்ன, தண்ணி வந்துடுச்சா?"

கட்டி அந்தச் சின்னப் படிக்கட்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

ஸ்கேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. "ஐயோ, மாடல்டி! நம்ம காலத்து மாடல்! எங்கேர்ந்து கிடைச்சுது?"

"நீ நிக்கிற இடத்துக்குக் கீழேர்ந்து."

மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவளுக்கும் நினைவு வந்துவிட்டது.

கட்டடக்கலைத் துறையில் அப்போது ஒரு வழக்கம். வருஷத்துக்கு இரண்டு முறை வெளியிலிருந்து பெரியவர்கள் வந்து மாணவர்கள் செய்த மாடல்களைப் பார்ப்பார்கள். தேறாத மாடலில் சிவப்புச் சாக்கால் ஒரு பெருக்கல் குறி. மறுநாள் அந்த மாடல்களுக்கெல்லாம் அடக்கம். தச்சுக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, ஒவ்வொன்றாக இறக்கி, ஒருத்தர் எழுந்து இரங்கல் உரை படிப்பார். "இளம் வயதிலேயே இடிந்துபோன இந்தத் திரையரங்கம்" என்று ஆரம்பித்தால் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் மண் ஆய்வுத் துறையில்தான் இருந்தன. அதனால் வெட்டுகிற வேலை கட்டியின் வகுப்புக்கு. அதில் கட்டிதான் தலைமை. ஐந்து வருஷத்தில் பத்துத் தடவை குழியைப் பெரிசாக்கியிருக்கிறாள். அவர்களுக்கு முன்னாலும் நடந்தது, பின்னாலும் எத்தனையோ வருஷம் நடந்ததாகக் கேள்வி.

ஸ்கேலின் முதல் மாடலும் அதற்குள்தான் போனது. அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்து, துறையை விட்டே போகிறேன் என்று அழுதாள். அழுதவளுக்கு மரம் ஞாபகம் இருந்தது. வெட்டியவளுக்குத்தான் குழி ஞாபகம்.

"மரத்துக்கு நேரா ஜன்னல் வரணும்னு தான்டி இங்க கொண்டாந்து வச்சேன்," என்றாள் ஸ்கேல் மெதுவாக. "கமிட்டியில நானே சொன்னேன். நான் படிச்ச இடம், அடியில நல்ல கெட்டி மண், எனக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும்னு சொன்னேன்."

"மீதி எல்லாம் கெட்டிதான். இந்த மூலை மட்டும் குப்பை. குழாய் இறக்கிப் பாத்தாச்சு, ரெண்டு ஆள் ஆழத்துக்குப் பிளாஸ்டரும் பலகை மக்கினதும்தான்."

"மேல போடப்போறது ஒத்தை மாடிதானே. லேசான கட்டடம்."

"லேசா இருந்தாலும் உக்காரும். இன்னைக்கு இல்ல, அஞ்சாறு வருஷத்துல. அந்த மூலை மட்டும் இறங்கும். உன் பெரிய ஜன்னல் இருக்கு பாரு, அதுதான் முதல்ல விரிசல் விடும்."

ஸ்கேல் மண் பெட்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன யோசிக்கிறாள் என்று கட்டிக்குத் தெரியும். இந்த வரைபடத்துக்காக இரண்டு வருஷம் கமிட்டியோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். மண் சொன்னபடி இல்லை என்று அறிக்கை போனால் ஒப்புதல் ரத்து, மறுபடியும் போட்டி, மறுபடியும் வரிசை. அறுபது தாண்டியவளுக்கு முன்னால் முப்பது வயதுக்காரர்கள் கம்ப்யூட்டரும் கையுமாக நிற்பார்கள். ஊரெல்லாம் கட்டியாயிற்று, படித்த இடத்தில் மட்டும் ஒரு கல்கூட வைக்கவில்லை என்பது அவளுக்குத் தீராத குறை. இது போனால் இன்னொன்று இல்லை.

"அஞ்சு குழி நல்லா இருக்குல்ல?" என்றாள் ஸ்கேல்.

"இருக்கு."

"ஆறாவதை நாலு அடி அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுப் பாரேன். அங்க நல்ல மண்ணா இருக்கும்ல?"

"இருக்கும்."

"அதையே எழுதிடு. இது நாம பாக்கவே இல்ல."

கட்டி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்கேல் இவளைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் இருந்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டி, நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. அன்னைக்குக் கேக்காமலே ஒரு சீட்டையே தூக்கிக் கொடுத்தவ நீ. இன்னைக்கு வாய்விட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு குழியை விட்டுக்கொடேன்டி."

முடியாது என்று சொல்வது கட்டிக்குப் பெரிய காரியமில்லை. எத்தனையோ ஒப்பந்தக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஒருத்தன் அழக்கூடச் செய்தான். யாருக்கும் ஒரு எண்ணைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. ஆனால் இவள் கேட்பது அந்தப் பழைய பெரிய மனசிடம். அந்த மனசு ஒன்று இருந்திருந்தால் அது கொடுத்தாலும் கொடுத்திருக்கும். இல்லாத ஒன்றிடம் கையேந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் விட்டுக்கொடுக்கலடி," என்றாள்.

"தெரியுது. நீ கொடுக்க மாட்ட. உன் வேலை அப்படி."

"குழியைச் சொல்லல. சீட்டைச் சொல்றேன். அதை நான் விட்டுக்கொடுக்கல."

ஸ்கேல் நிமிர்ந்தாள்.

"முதல் வாரம் டிராயிங் ஹால்ல வாத்தியார் சொன்னாரு, நீங்க ஏறி வந்த படிக்கட்டை ஞாபகத்துலேர்ந்து வரைங்கன்னு. எல்லாரும் கடகடன்னு வரையறாங்க. எனக்குப் படி எத்தனைன்னு தெரியும். இருபத்திரெண்டு. எண்ணிக்கிட்டே ஏறினேன். ஆனா கை ஓடல. ஒரு கோடு வரல. அந்தப் பெரிய வெள்ளைத் தாள்ல மூலையில இருபத்திரெண்டுன்னு எழுதி வச்சிட்டு உக்காந்திருந்தேன். வாத்தியார் வந்து பாத்தாரு. திட்டக்கூட இல்ல. அடுத்த டேபிளுக்குப் போயிட்டாரு. அப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் ரூமுக்கு வந்தா, நீ மண் லேப் நோட்டுக்குப் பின்னால அதே படிக்கட்டை வரைஞ்சு வச்சிருக்க. ஒரு தடவைதான் என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருந்த. கைப்பிடி வளைவு, மேல விழற வெளிச்சம், எல்லாம் இருக்கு. பயந்துட்டேன்டி. ஓடிட்டேன். நீ கிடைச்ச, உன் தலையில கட்டிட்டு ஓடிட்டேன். அவ்வளவுதான்."

ஸ்கேல் படிக்கட்டை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"நாப்பது வருஷம்," என்றாள் கடைசியில். "எத்தனை மேடை. மைக்கைப் பிடிச்சிக்கிட்டு அழுதிருக்கேன். ஒரு தடவை, கீழ இறங்கி வரும்போது காதுல சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாய் வரல."

"ஏன் வரல?"

"நல்ல பேரு," என்றாள் கட்டி. "அதை விட மனசு வரல. கேவலமாத்தான் இருக்கு. அதான் நிஜம்."

ஸ்கேல் எழுந்தாள். வரைபடக் குழாயை மாட்டிக்கொண்டு, கட்டடக்கலைத் துறைப் பக்கம் விடுவிடுவென்று நடந்தாள். கார் இருந்தது எதிர்த் திசையில். கட்டி போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெயரும் போயிற்று, தோழியும் போனாள் என்று தோன்றியது. அழுகை வந்தது, அழுதாள். மேஸ்திரி சாப்பிட்டுவிட்டு வந்து, தூரத்திலேயே நின்று, மறுபடி சாப்பிடப் போவதுபோல் திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் அதே பக்கம் கிளம்பினாள். விடுமுறைக் காலம், கட்டடத்தில் ஆளில்லை. மண்டபத்தில் அந்தப் பழைய பலகை இருந்த இடத்தில் ஒரு பெரிய திரை. துறைகளும் வேலைகளும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. பாதி வேலைகளின் பெயரே அவளுக்குப் புரியவில்லை. அம்புக்குறி மட்டும் அதே சிவப்பு. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறினாள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சேதி சொன்னது. எண்ணாமல் இருக்க முடியவில்லை. இருபத்திரெண்டுதான்.

டிராயிங் ஹாலில் அதே வாடை, பசையும் பென்சில் தூளும் ஈரக் காகிதமும் கலந்த வாடை. ஜன்னலோரத்து உயர ஸ்டூலில் ஸ்கேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜையில் நூலக வரைபடம் விரித்துக் கிடந்தது. நாலு மூலைக்கும் கையில் கிடைத்ததையெல்லாம் பாரமாக வைத்திருந்தாள். ஒரு மூலையில் அந்தச் சின்னப் படிக்கட்டு.

கட்டி வாசலிலேயே நின்றாள்.

"முதல் கட்டடம் ஞாபகம் இருக்கா?" என்றாள் ஸ்கேல், திரும்பாமலே. "அந்தத் தபால் ஆபீஸ். திறப்பு விழாவுக்கு வந்தியே. நீ உள்ள வந்து சுவரைத் தட்டிப் பாத்த. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவ வரைஞ்சிருந்தா இதைவிட நல்லா வந்திருக்கும்னு நினைச்சேன். அன்னைக்கு மட்டும் இல்ல. ஒவ்வொரு பிளான்ல கையெழுத்துப் போடும்போதும் அதே நினைப்பு. மார்க் அதிகம் வாங்கினவ, எனக்காக மண்ணள்ளப் போயிட்டாளே, அந்த இடத்துக்கு இது போதுமா, இது போதுமான்னு. பரிசு வாங்கினா உனக்குச் சேர வேண்டியது. திட்டு வாங்கினா எனக்குச் சேர வேண்டியது. மேடை ஏறி உன் கதையைச் சொன்னது நன்றிக்குன்னா நினைச்ச? அது மன்னிப்புடி. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டேன்."

நல்ல பெயரை மூட்டை கட்டித் தான்தான் சுமந்தோம் என்று கட்டி நினைத்திருந்தாள். சுமந்தவள் வேறொருத்தி.

"உன்னோட சீட்டுன்னு நினைச்சு நாப்பது வருஷம் ஓரமா உக்காந்திருந்தேன்டி பாவி," என்றாள் ஸ்கேல். "நல்லாச் சாஞ்சுகூட உக்காரல."

கட்டி போய் அவள் தோளில் கை வைத்தாள். ஸ்கேல் தட்டிவிடவில்லை. தட்டிவிட நினைத்தாள் என்பது தோளில் தெரிந்தது.

"அது என்னைக்குமே உன் சீட்டுதான்," என்றாள் கட்டி. "நான் ஒன்பது நாள் தெரியாம உக்காந்திருந்தேன். மண்ணுக்குப் போன அன்னைக்கு, ஈர மண்ணைக் கண்ணாடிப் பலகையில உருட்டி நூலாக்கச் சொன்னாங்க. எவ்ளோ ஈரத்துல நூல் உடையுதுன்னு பாக்கணும். கை தானா உருட்டுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல. அதையும் உன்கிட்ட சொல்லல. தியாகம் பண்ணினவ சந்தோஷமா இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஸ்கேலின் உதடு துடித்தது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும் அடக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"ரிப்போர்ட்டை எழுது," என்றாள்.

"ஆறும்?"

"ஆறும்தான். ஆறாவதை முதல் பக்கத்துலயே போடு. நாளைக்குக் கமிட்டிக்கு நானே எடுத்துட்டுப் போறேன். கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன்ல, கண்ணைத் திறந்துட்டேன்னு சொல்றேன்."

"மறுபடி போட்டி வைப்பாங்க."

"வைக்கட்டும். அந்தப் பசங்களுக்கு நான் யாருன்னு காட்டறேன். ஒழுங்கா உக்காந்து ஒரு கட்டடம் வரைஞ்சா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது, பாக்கலாம்." ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள். "குழி எங்கேர்ந்து எங்க வரைக்கும் வருது? போட்டுக் காட்டு. அதை விட்டுட்டு எங்க நகர்த்தலாம்னு பாக்கறேன்."

கட்டி பென்சிலை வாங்கினாள். மண்ணைப் பொறுத்தவரை அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொட்டகைச் சுவர் எங்கே நின்றது, மரத்திலிருந்து எத்தனை எட்டு, எந்தப் பக்கம் பாறை தட்டி மண்வெட்டி முனை மழுங்கியது, எல்லாம் உடம்பிலேயே இருந்தது. வரைபடத்தின் மேல் குனிந்தாள். கை நின்றது. அதே ஹால், அதே வெளிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலை வைத்து இழுத்தாள். கோடு கிளம்பி, நடுங்கி, ஒரு பக்கம் உப்பி, இன்னொரு பக்கம் ஒட்டி, ஆரம்பித்த இடத்தைத் தேடித் தேடி ஒருவழியாக வந்து முட்டியது.

ஸ்கேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"என்னடி இது?"

"குழி."

"குழியா? யாரோ தூங்கி எழுந்த தலகாணி மாதிரி இருக்கு!"

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய ஸ்கேல் சிரித்தாள். ஹாலின் சுவர்கள் அந்தச் சிரிப்பை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. கட்டியும் சிரித்தாள். வெட்கம் பிடுங்க, அழிப்பதற்கு ரப்பரைத் தேடினாள்.

ஸ்கேல் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அந்தக் கோணல் கோட்டை இன்னொரு முறை ஆசை தீரப் பார்த்தாள்.

"நல்லவேளைடி, மாத்திக்கிட்டோம்," என்றாள்.